ஊருக்கு ஓர் உலை!

சோறும் துணியும் கூரையும் இருந்தால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்பது நம் நாட்டுக் கணக்கு. வட ஐரோப்பாவிலே இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே நான்காவது பொருள் ஒன்று வேண்டும். அது அனல்! வீட்டுக்குள் அனல் இல்லையென்றால் கைக்குழந்தை தாங்காது, வயதான கிழவி தாங்கமாட்டாள். குழாயில் நிற்கும் தண்ணீரும் உறைந்து குழாயையே பிளந்துவிடும். நெல் மூட்டையைப் பதுக்குகிறவன் இங்கே எப்படி ஊரை ஆட்டிவைக்கிறானோ, அப்படியே எண்ணெயையும் நிலக்கரியையும் கையில் வைத்திருப்பவன் அங்கே ஊரை ஆட்டிவைக்க முடியும்.

ஆகவே, "அனல் யாருக்குச் சொந்தம்?" என்பது அந்த நாடுகளில் வெறும் இன்ஜினீயர் கேள்வி அல்ல, அது அரசியல் கேள்வி. தொழிலாளியின் சம்பளப் பையைத் தொடுகிற கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு சின்னஞ்சிறு நாடு அரை நூற்றாண்டுக் காலமாகச் சொல்லிவரும் பதிலைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்த நாடு டென்மார்க். மக்கள் சுமார் 60 லட்சம்பேர். மலை இல்லை, பெரிய ஆறு இல்லை, நிலத்தடியில் நிலக்கரி இல்லை. இல்லாதவன் எப்படி எழுந்து நின்றான் என்பதுதான் கதை.

கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. உலகமெல்லாம் தடுமாறியது, டென்மார்க் மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறியது. ஏன்? அந்த நாட்டின் மொத்த எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய்! அந்த எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் வெளியார் கொடுத்தது! மின்சாரம் எண்ணெயில், தொழிற்சாலை எண்ணெயில், வீட்டுப் பாய்லரும் எண்ணெயில். ஒரே கயிற்றில் நாடு முழுவதையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனை பிறர் கையில்.

1973 நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. அகன்ற சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். தெருவிளக்குகளைக் குறைத்தார்கள். வீட்டிலே அனலைக் குறைத்துக்கொண்டு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

அப்போது பிரதமராக இருந்தவர் ஆங்கர் யோர்கன்சன். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கிடங்கிலே மூட்டை பார்த்த தொழிலாளி. தொழிற்சங்கத்தில் வளர்ந்து, சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவராகி, நாட்டின் பிரதமரானவர். பதவிக்கு வந்த பிறகும் கோபன்ஹேகனில் தொழிலாளர் வட்டாரத்து அடுக்கு வீட்டிலேயே குடியிருந்தவர். 1973 டிசம்பர் தேர்தலுக்குப் பின் பதவி போயிற்று. 1975-இல் திரும்பி வந்தார். அந்த ஆட்சிக்காலத்திலேதான் 1976-இல் நாட்டின் முதல் எரிசக்தித் திட்டம் வகுக்கப்பட்டது. 1979-இல் ஈரான் புரட்சியை ஒட்டி இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்த அதே ஆண்டில், வெப்ப வழங்கல் சட்டம் நிறைவேறிற்று. அந்தச் சட்டந்தான் நம் கட்டுரையின் நடுநாயகம்.

புகைபோக்கி வழியே போன பணம்

சட்டத்தைப் பார்க்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். இது கடைத்தெருக் கணக்குதான்.

மின்சாரம் மட்டும் தயாரிக்கும் அனல்மின் நிலையத்தில் நூறு ரூபாய்க்கு நிலக்கரி எரித்தால், சுமார் நாற்பது ரூபாய்க்கு உரிய சக்திதான் மின்சாரமாக வெளியே வரும். மீதி அறுபது? கடலுக்கும் ஆற்றுக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் வெந்நீராகவும் ஆவியாகவும் போய்ச் சேரும். அதாவது, நூறு ரூபாய் சம்பாதித்து அறுபதைக் கடலில் கொட்டுகிற குடும்பம்! அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் தனித்தனியாக எண்ணெய் வாங்கி எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் வெப்பம் வீணாகிறது, மறுபக்கம் வெப்பத்துக்காகக் கடன் வாங்குகிறார்கள். இதைவிட மடமை வேறு உண்டா?

மாற்று வழி எளிது. மின்நிலையத்தின் வெந்நீரைக் குழாய் வழியே ஊருக்குள் அனுப்பு. சூடு வெளியேறாதபடி நன்றாகப் போர்த்திய இரட்டைக் குழாய்கள் தெருவுக்கு அடியில் போகும். ஒன்றில் 70, 80 டிகிரி வெந்நீர் வீட்டுக்கு வரும். வீட்டுக்குள் அனலைக் கொடுத்துவிட்டு, 40 டிகிரி அளவுக்கு ஆறி, மற்றக் குழாயில் நிலையத்துக்கே திரும்பும். அங்கே மறுபடி சூடேறும். இப்படிச் செய்தால் மின்சாரம் கொஞ்சம் குறையும். ஆனால் மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து நூற்றுக்குத் தொண்ணூறு வரை பயனாகும்.

இது டென்மார்க்கில் திடீரென்று முளைத்த யோசனை அல்ல. கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரடெரிக்ஸ்பெர்க் நகரசபை 1903-லேயே ஊர்க்குப்பையை எரித்து, அந்த வெப்பத்தை மருத்துவமனைக்கும் அக்கம்பக்கத்துப் பொதுக் கட்டடங்களுக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டது. குப்பை கொட்ட இடமில்லை என்ற தொல்லைக்கு மருந்து தேடப்போய், குளிருக்கும் மருந்து கண்டார்கள். பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் சின்னச் சின்ன வெப்ப நிலையங்களை நடத்திவந்தன. ஆக, வித்து முன்பே இருந்தது. 1979 சட்டம் அந்த வித்தை நாடு முழுவதும் ஊன்றியது.

முதலில் வரைபடம்

சட்டம் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நிலையம் கட்டவில்லை, குழாய் புதைக்கவில்லை, கண்ட்ராக்ட் விடவில்லை. வரைபடம் எடுக்கச் சொன்னது!

ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் எந்தத் தெருவில் எவ்வளவு வெப்பம் தேவை, இப்போது என்ன எரிக்கிறார்கள், எந்தத் தொழிற்சாலையில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது, குப்பை எவ்வளவு, மின்நிலையம் எவ்வளவு தொலைவு என்று கணக்கெடுக்க வேண்டும். அதை மாவட்ட அளவில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு ஊரை வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். வீடுகள் நெருக்கமாக உள்ள வட்டாரத்துக்குப் பொது வெந்நீர்க் குழாய். கொஞ்சம் விலகியுள்ள வட்டாரத்துக்கு வடகடலில் கிடைத்த இயற்கை வாயுவின் குழாய். ஒற்றை வீடுகள் மட்டும் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்துக்குத் தனி ஏற்பாடு. ஒரே தெருவில் இரண்டு குழாய்களைப் போட்டு, இரண்டு முதலீட்டையும் மக்கள் தலையில் ஏற்றக்கூடாது.

திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "சந்தை பார்த்துக்கொள்ளும், சர்க்கார் தலையிட வேண்டாம்" என்கிறார்கள். சந்தை எதைப் பார்த்துக்கொண்டது? வீட்டுக்கு வீடு எண்ணெய் விற்றது. மின்நிலையத்து வெந்நீரைக் கடலில் விட்டது. தனித்தனி வீட்டுக்காரன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், தான் ஒருவனாகத் தெருவைத் தோண்டிக் குழாய் போட முடியுமா? முடியாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். தேரை எந்தத் தெரு வழியே இழுப்பது என்று முதலில் தீர்மானிக்கத்தான் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குப் பெயர்தான் திட்டம்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் அதிகாரி எல்லா ஊருக்கும் கோடு கிழிக்கவில்லை. நாட்டின் குறிக்கோளைத் தலைநகரம் சொன்னது; ஊரின் வழியை ஊராட்சி வகுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை அங்கத்தினர்கள், தம் வாக்காளர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வகுத்தார்கள். சூடு குறைந்தால் கேள்வி கேட்க அடுத்த தெருவிலேயே ஆள் இருந்தான்!

லாபம் கூடாது!

இனி, சட்டத்தின் இருதயத்துக்கு வருவோம். வெப்பம் விற்பவன் லாபம் வைத்து விற்கக்கூடாது. எரிபொருள் செலவு, கூலி, பழுதுபார்ப்பு, வாங்கிய கடனுக்குத் தவணையும் வட்டியும் — இப்படி அவசியமான செலவுகளை மட்டுமே வீட்டாரிடம் வசூலிக்கலாம். ஓராண்டில் அதிகம் வசூலாகிவிட்டால் அடுத்த ஆண்டு விலையில் கழித்துக்கொடுக்க வேண்டும். குறைந்தால் சேர்த்து வாங்கலாம். கணக்கு தன் காலிலேயே நிற்க வேண்டும். எவன் மடியையும் நிரப்பக்கூடாது.

ஏன் இந்த விதி? ஒரு தெருவில் ஒரே குழாய்தான் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போவதற்கு வெந்நீர் என்ன கத்தரிக்காயா? ஏகபோகம் தவிர்க்க முடியாத இடத்தில், அந்த ஏகபோகத்தை மக்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த நாட்டின் தீர்மானம். இன்று அங்கே சுமார் 400 வெப்ப நிறுவனங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் பெரும்பாலானவை, வெப்பம் வாங்கும் வீட்டாரே அங்கத்தினர்களாக உள்ள கூட்டுறவுச் சங்கங்கள். பெரிய நகரங்களில் நகராட்சி நடத்துகிறது. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும். பிடிக்காவிட்டால் நிர்வாகக் குழுவை மாற்றலாம்.

இந்தப் பழக்கத்துக்கு அங்கே நீண்ட வேர் உண்டு. 1882-இல் யெடிங் என்ற சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. பத்து மாடு உள்ளவனுக்கும் ஒரு வாக்கு, ஒரு மாடு உள்ளவனுக்கும் ஒரு வாக்கு. மாட்டை எண்ணவில்லை, மனிதனை எண்ணினார்கள்! பாலில் பழகிய கை, பிறகு வெந்நீரிலும் காற்றாலையிலும் தேர்ந்தது.

இதற்கு நேர்மாறான பாடமும் அங்கேயே உண்டு. நாட்டின் பெரிய மின்சார நிறுவனமான டோங், சர்க்கார் கையில் இருந்தது. 2014-இல் அதன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் வாங்குவதற்கு ஆட்சியாளர் இணங்கினார்கள். ஆண்டதும் சமூக ஜனநாயகக் கட்சிதான்! மக்கள் கொதித்தார்கள்; லட்சக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன; கூட்டணியில் இருந்த சோஷலிஸ்ட் மக்கள் கட்சி சர்க்காரை விட்டே வெளியேறிற்று. விற்பனை நிற்கவில்லை. 2016-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது வங்கி கொழுத்த லாபம் கண்டது. பொதுச் சொத்தைக் கட்டியவர்களின் வாரிசுகளே அதைக் கூறுபோட்டு விற்கவும் கூடும் என்பதைத் தோழர்கள் மறக்க வேண்டாம். கொடியின் நிறம் மட்டும் காவல் அல்ல. விழிப்புள்ள மக்களே காவல்.

கட்டாயம் நியாயமா?

தோழர்கள் ஒன்று கேட்கக்கூடும்: "எனக்கு வேண்டாம் என்று ஒரு வீட்டுக்காரன் சொன்னால்?" நல்ல கேள்வி. 1980-களில் நகராட்சிகளுக்கு அதிகாரம் தரப்பட்டது: பொதுக் குழாய் போகும் வட்டாரத்தில் உள்ள வீடு அதில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று உத்தரவிடலாம். பழைய வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு. 1988-இல், பொதுக் குழாய் உள்ள இடத்தில் கட்டும் புதுவீட்டில் மின்சாரத்தால் அனல் மூட்டுவதும் தடுக்கப்பட்டது.

"இது கொடுமை, தனிமனித சுதந்திரம் போயிற்று" என்று கூக்குரல் எழுந்தது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குழாய் போடும் செலவு பெரும் செலவு; முப்பது நாற்பது ஆண்டு ஓடினால்தான் கட்டும். தெருவில் நூறு வீடுகளும் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம். வசதியுள்ள நாற்பதுபேர் விலகிக்கொண்டால் மீதி அறுபதுபேர் தலையில் முழுச் செலவும் விழும். விலகுபவன் யார்? புதுப் பாய்லர் வாங்கப் பணம் உள்ளவன். மாட்டிக்கொள்பவன் யார்? வாடகை வீட்டுத் தொழிலாளி! ஆகவே கட்டாயம் என்பது அங்கே ஏழைக்குக் கவசமாக இருந்தது.

கவசமும் சில இடங்களில் கனத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1990-களில் சில சிற்றூர்களில் இயற்கை வாயுவை நம்பிப் புதிதாகக் கட்டிய சின்ன நிலையங்கள், வீடுகள் குறைவு, கடன் அதிகம் என்ற நிலையில் சிக்கின. வாயு விலை ஏறியதும் அந்த ஊர்க்காரர்களின் கட்டணம் எகிறியது; விலகவும் முடியவில்லை. வரைபடம் பிழைத்தால் ஊரே பிழைக்கும் என்பதுபோல, வரைபடம் பிசகினால் ஊரே வருந்தும். 2019 முதல் புதிதாகக் கட்டாயம் விதிக்கும் அதிகாரம் நகராட்சிகளிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது விலையைக் காட்டியும் விளக்கிச் சொல்லியும்தான் ஆள் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் விலை வீழ்ந்த கதையும் உண்டு. 1986 வாக்கில் உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தது. மற்ற நாடுகள் பழைய குருடி கதவைத் திறடி என்று எண்ணெய்க்கே திரும்பின. டென்மார்க் சர்க்காரோ வரியை ஏற்றி, எண்ணெய் மலிவாகாதபடி செய்தது. கசப்பு மருந்துதான். ஆனால் சேமிப்புப் பழக்கம் கெடவில்லை. போட்ட குழாய் வீணாகவில்லை.

இன்று அந்த நாட்டில் மூன்றில் இரண்டு வீடுகளுக்குப் பொதுக் குழாயிலிருந்தே அனல் வருகிறது. கோபன்ஹேகன் நகரில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும்!

வெயிலைப் பள்ளத்தில் பூட்டியவர்கள்

பொதுக் குழாயின் பெரிய நன்மை ஒன்று உண்டு. குழாய்க்குள் போவது வெந்நீர். அதைச் சூடாக்கியது எது என்று குழாய் கேட்காது. நேற்று எண்ணெய், இன்று நிலக்கரி, நாளை வைக்கோல், மறுநாள் வெயில். உலையை மாற்றினால் போதும், ஊர் மாறிவிடும். ஆயிரம் வீட்டில் ஆயிரம் பாய்லர் இருந்தால் ஆயிரம் வாசற்படி ஏறி இறங்க வேண்டும்.

ஏரோ என்ற தீவில் மார்ஸ்டல் என்று ஒரு சிற்றூர். பழைய கப்பல்காரர்களின் ஊர். அங்கே வெப்பச் சங்கம் ஊர்க்காரர்களுடையது. 1996-இல் வயலிலே வெயில் தகடுகளை வரிசையாக நிறுத்தினார்கள். மின்சாரத்துக்கு அல்ல, தண்ணீரைச் சூடாக்குவதற்கு. படிப்படியாகப் பெருக்கி, 2012-இல் 33,000 சதுர மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் சிக்கல் ஒன்று: வெயில் கோடையில்; குளிர் மார்கழியில்! இரண்டையும் எப்படி இணைப்பது?

பெரிய பள்ளம் வெட்டினார்கள். பிளாஸ்டிக் விரிப்பு போட்டார்கள். 75,000 கன மீட்டர், அதாவது ஏழரைக் கோடி லிட்டர் தண்ணீரை நிரப்பினார்கள். மேலே சூடு போகாத மிதக்கும் மூடி. கோடை வெயில் அந்தத் தண்ணீரில் பூட்டப்பட்டு, குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. தேவைப்படும் வெப்பத்தில் சுமார் பாதி வெயிலிலிருந்து. மீதி மரத்தூள் பாய்லரிலிருந்தும் வெப்ப பம்பிலிருந்தும். வோயன்ஸ் என்ற மற்றோர் ஊரில் 2015-இல் இருபது கோடி லிட்டர் பள்ளம் ஒன்றை அமைத்தார்கள். ஏரி வெட்டிய நம் முன்னோர் மழையைச் சேர்த்தார்கள். இவர்கள் வெயிலைச் சேர்க்கிறார்கள்.

காற்றுக்கும் இதே வித்தை. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலை தருவது. காற்று எஜமான் சொன்னபடி வீசாது. நள்ளிரவில் புயலாக வீசும், நண்பகலில் படுத்துவிடும். மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய தொட்டிகளில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கிறார்கள். மின்சாரத்தைச் சேமிப்பது பெரும் செலவு. வெந்நீரைச் சேமிப்பது சிறு செலவு. வெப்ப பம்பும் துணைக்கு வருகிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளே உள்ள சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா? அதே வேலையைக் கடல் நீரிலும் சாக்கடை நீரிலும் செய்து, ஊருக்குச் சூடு தருகிறது. எஸ்பியெர்க் துறைமுகத்தில் நிலக்கரி நிலையத்தை 2024-இல் மூடினார்கள். அதன் இடத்தை நிரப்புபவற்றில் ஒன்று கடல் நீரிலிருந்து சூடு எடுக்கும் பெரிய பம்பு.

சாம்ஸோ தீவின் பெயரைத் தோழர்களில் சிலர் கேட்டிருக்கலாம். சுமார் 4,000 பேர் வாழும் விவசாயத் தீவு. 1997-இல் சர்க்கார் நடத்திய போட்டியில், தன் தேவையைத் தானே இயற்கைச் சக்தியால் நிறைவேற்றிக்கொள்ளும் தீவாக ஆவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் தரையில் 11 காற்றாலைகள், கடலில் 10 காற்றாலைகள். ஊர்களுக்கு வெப்பம் தர நான்கு நிலையங்கள். மூன்றில் வைக்கோல் எரிகிறது, ஒன்றில் மரத்தூளும் வெயிலும். கதிரறுத்தபின் வயலில் கிடந்த வைக்கோல், அரபு நாட்டு எண்ணெயின் இடத்தில் உட்கார்ந்தது! எண்ணெய்க்குத் தீவை விட்டுப் போன பணம் தீவு உழவனின் கைக்கு வந்தது.

இதை நடத்திக் காட்டியவர்களில் முன்னின்றவர் ஸோரன் ஹெர்மன்சன். அந்தத் தீவிலேயே பிறந்த உழவர் மகன், ஆசிரியர். அவர் செய்த பெரிய வேலை இயந்திரம் பூட்டியது அல்ல, கூட்டம் போட்டது. மறுபடியும் மறுபடியும் கூட்டம்! தரைக் காற்றாலைகளில் பெரும்பாலானவை உழவர்களுடையவை. சிலவற்றில் சிறு பங்குகளாக ஊர்க்காரர்கள் பணம் போட்டார்கள். கடலில் உள்ள பத்தில் ஐந்து நகராட்சிக்குச் சொந்தம். வெளியூர்ப் பணக்காரன் நிறுத்திய காற்றாலை இரைச்சலாகக் கேட்கும். தன் பங்குள்ள காற்றாலை சுழன்றால் சங்கீதமாகக் கேட்கும். மனித இயல்பு அதுதான்.

ஒரே உலையை நம்பினால்

பொது உலை என்றாலே போதுமா? போதாது. உக்ரைனில் அல்செவ்ஸ்க் என்று ஒரு தொழில் நகரம். சோவியத் காலத்துப் பெரிய வெப்பக் குழாய் அமைப்பு. பழுதுபார்க்காமல் ஆண்டுகள் ஓடின. 2006 ஜனவரியில், கடுங்குளிரில், தலைமைக் குழாய் உடைந்தது. வெந்நீர் நின்றது, ஊருக்குள் குழாய்கள் உறைந்து வெடித்தன. அவசரநிலை அறிவித்தார்கள், பிள்ளைகளை வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். குழாய் பொதுச் சொத்தாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பேணும் பணமும் பொறுப்பும் வேண்டும் என்பது அந்தக் குளிர் சொன்ன பாடம்.

போர் சொன்ன பாடம் இன்னும் கொடியது. 2022 முதல் ரஷ்ய ஏவுகணைகள் உக்ரைனின் மின்நிலையங்களையும் வெப்ப நிலையங்களையும் குறிவைத்தன. 2024 ஏப்ரல் 11-இல் கீவ் வட்டாரத்தின் மிகப்பெரிய நிலையமான திரிபில்யா அழிந்தது. பெரிய உலை ஒன்று விழுந்தால் லட்சம்பேர் நடுங்குவார்கள். சின்ன உலைகள் பல இருந்து ஒன்றுக்கொன்று குழாயால் கைகோத்திருந்தால், ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும். ஆகவேதான் அங்கே சிறு சிறு நிலையங்களைப் பல இடங்களில் பரப்பி வைக்க முனைந்தார்கள். தாங்கும் சக்தி என்பது இதுதான்: பல உலை, பல எரிபொருள், ஒரே வலை.

அந்தப் போரின் அனல் டென்மார்க்கையும் தொட்டது. 2022-இல் வாயு விலை தாறுமாறாக ஏறியது. உடனே அவர்கள் பழைய வரைபடத்தைத்தான் கையில் எடுத்தார்கள். வாயுவும் எண்ணெயும் எரிக்கும் வீடுகளுக்கு, பொதுக் குழாய் வருமா வராதா என்பதை அந்த ஆண்டு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நகராட்சிகளுக்கு வேலை வைத்தார்கள். 2035-க்குள் வீடுகளை வாயுவால் சூடாக்குவதை நிறுத்துவது குறிக்கோள்.

குறையும் உண்டு

போற்றிப் பாட மட்டும் இதை எழுதவில்லை. டென்மார்க்கின் வெற்றியில் வடகடல் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் பங்கு உண்டு. கடலடியில் கிடைத்த செல்வம் இல்லாவிட்டால் வழி இன்னும் கடினமாக இருந்திருக்கும். இன்னொரு குறை, மரம். நிலக்கரியை விட்ட பெரிய நிலையங்கள் பல, மரக்கட்டைத் தூளையும் உருண்டையையும் எரிக்கின்றன. அதில் பெரும்பகுதி பால்டிக் நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. தன் ஊர்ப் புகையைக் குறைத்துப் பிறர் ஊர்க் காட்டைக் குறைப்பது நீதியா என்று அந்த நாட்டு மக்களே கேட்கிறார்கள். எண்ணெய்க்கு அடிமையானவன் மரத்துக்கு அடிமையானால் எஜமான்தான் மாறினான், அடிமைத்தனம் மாறவில்லை. அந்தக் கேள்வி அங்கே தீரவில்லை.

நமக்கு என்ன?

"நமக்குத்தான் குளிரே இல்லையே, வெந்நீர்க் குழாய் எதற்கு?" என்று சிரிக்கலாம். வேண்டாம். டென்மார்க்கின் குழாயை இங்கே புதைக்கச் சொல்லவில்லை. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு: 1990 வாக்கில் டேனிஷ் அரசின் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் எழுந்தன. இறக்கை வந்தது, கூட்டுறவு வந்ததா? இயந்திரம் கப்பலேறி வந்துவிடும். பழக்கம் கப்பலேறி வராது. அதை நாமேதான் வளர்க்க வேண்டும்.

ஆகவே தோழர்கள் மனத்தில் நான்கு கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரமோ, எரிவாயுவோ, குடிநீரோ — எந்தத் திட்டம் ஊருக்கு வந்தாலும் இந்த நான்கையும் கேட்க வேண்டும்.

எரிபொருள் எங்கிருந்து வருகிறது. அதன் கயிறு யார் கையில்?

வீணாகப் போவது எது. அதைப் பயனாக்க வழி என்ன?

கணக்குப் புத்தகம் யாரிடம். கட்டணத்தில் லாபம் எவன் மடிக்குப் போகிறது?

பழுதானால், போர் வந்தால், புயல் வந்தால், மாற்று எது. அதைப் பேண ஒதுக்கிய பணம் எவ்வளவு?

இந்த நான்குக்கும் பதில் இல்லாத திட்டம் ஊருக்கான திட்டம் அல்ல. ஊரை வைத்து நடக்கும் வியாபாரம். பதில் கேட்கும் உரிமை நிபுணருக்கு மட்டும் உரியது என்று எவரேனும் சொன்னால், கிடங்குத் தொழிலாளி ஒருவர் பிரதமராக இருந்த நாளில் எழுந்த சட்டம் மூன்றில் இரண்டு வீடுகளுக்கு அனல் ஊட்டுவதை எடுத்துச் சொல்லுங்கள். மாட்டை எண்ணாமல் மனிதனை எண்ணிய ஊர்களின் கதையைச் சொல்லுங்கள்.

உலை ஒன்று; அதைச் சுற்றி ஊர் முழுவதும். அந்த உலைக்கு மக்களே எஜமானர்களாக இருக்கும்வரை, எந்த மார்கழிக்கும் அந்த ஊர் அஞ்ச வேண்டியதில்லை!